பணி நிறைவுப் படிவம்: மன்னவனூர் வீடொன்றில் செயற்கைக்கோள் இணையம்

செயற்கைக்கோள் இணையம் என்பது, தரைவழிக் கம்பியையோ செல்போன் கோபுரத்தையோ நம்பாமல், வீட்டுக்கு வெளியே நிறுத்தப்படும் ஒரு டிஷ் வானத்திலுள்ள செயற்கைக்கோளோடு நேரடியாகத் தகவலை வாங்கியும் கொடுத்தும் நடத்தும் இணைப்பாகும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் இரண்டு கருவிகள் பொருத்தப்பட்டிருக்கும். வானிலிருந்து வரும் மெல்லிய அலையைப் பெருக்கி உள்ளே அனுப்புவது ஒன்று, வீட்டிலிருந்து செல்லும் தகவலை வானுக்கு ஏற்றுவது மற்றொன்று. கேபிள் அவ்விரண்டையும் வீட்டுக்குள் இருக்கும் மோடத்தோடு இணைக்கிறது. இந்தியாவில் இந்த ஏற்பாடு ‘வீசாட்’ என்ற பெயரில் வங்கிக் கிளைகளுக்கும் ஏ.டி.எம்.களுக்கும் பெட்ரோல் பங்குகளுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. வீட்டு இணைப்பாக அதைக் கேட்டு வாங்குவோர் இன்றும் குறைவு என்பதால், அதைப் பொருத்துவதில் வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை எவை என்று சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆளும் இருப்பதில்லை.

இந்த இணைப்புகளில் பெரும்பாலானவை புவிநிலைச் செயற்கைக்கோள்களை நம்பியவை. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றினால், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே அதுவும் ஒரு சுற்றை முடிப்பதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது வானத்தில் ஓரிடத்தில் அறைந்து வைத்ததுபோல நிற்கும். இவ்வாறு நிற்கும் செயற்கைக்கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னாளில் கொழும்பிலேயே குடியேறி வாழ்ந்தவர். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் இஸ்ரோ நடத்திய சைட் என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கோழிவலைக் கம்பியால் ஆன, பத்தடி அகலமுள்ள டிஷ்கள் கொண்டுசெல்லப்பட்டன. கம்பி எட்டாத ஊருக்கு வானம் எட்டும் என்பதை இந்த நாடு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறது.

மன்னவனூர், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் மேற்கே, மேல்பழனி மலையின் புல்வெளிகளுக்கும் படிக்கட்டு வயல்களுக்கும் நடுவே அமைந்த ஊர். செம்மறியாட்டு ஆராய்ச்சி மையமும் ஏரியும் வெளியூர்க்காரர்களுக்கு அதன் அடையாளங்கள்; உள்ளூர்க்காரர்களுக்குக் கேரட்டும் உருளையும் மலைப்பூண்டுமே அடையாளம். ஒட்டன்சத்திரத்தில் இன்று கேரட் என்ன விலை, வடுகபட்டியில் பூண்டு என்ன விலை என்பது காலையிலேயே தெரிந்தாக வேண்டும். இக்கட்டுரையாளரின் வீட்டுப் பள்ளிப் பிள்ளைக்குத் தேர்வுப் பயிற்சி வகுப்பு மாலையில் திரையில்தான் நடக்கிறது. மேட்டில் நின்றால் கிடைக்கும் செல்போன் சிக்னல், பள்ளத்திலுள்ள வீட்டுக்கு இறங்கியதும் அறுந்துபோகிறது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் பெருந்திட்டம் நடந்துவந்ததைச் சுட்டிக்காட்டி, சற்றுப் பொறுத்திருந்தால் கம்பியே வந்துவிடுமே என்று இக்கட்டுரையாளரிடம் சொன்னவர்கள் பலர். ஊராட்சி அலுவலகம் வரை வரும் கம்பி, அங்கிருந்து மூன்று வளைவு தள்ளி வயலுக்கு நடுவிலிருக்கும் தனிவீட்டுக்கும் எப்போது வரும் என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை. பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு அதற்காகக் காத்திருக்காது என்பதால், செயற்கைக்கோளைத் தேர்ந்தது சரியான முடிவே; பிழை நேர்ந்தது தேர்விலன்று, பொருத்துவதில்.

பொருத்துவதன் முக்கியத்துவத்தை உணர, டிஷ்ஷின் பார்வை எவ்வளவு குறுகலானது என்பதை அறிய வேண்டும். எடுத்துக்காட்டாக, 2018 டிசம்பர் 5-இல் ஏவப்பட்ட ஜிசாட்-11 கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு மேலே நிற்கிறது. மன்னவனூர் பூமத்திய ரேகைக்குப் பத்துப் பாகை வடக்கிலேயே இருப்பதால், அங்கிருந்து அந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கும் டிஷ் தரையிலிருந்து ஏறத்தாழ 77 பாகை நிமிர்ந்து, தெற்கிலிருந்து சற்றே மேற்காகத் திரும்பி, கிட்டத்தட்ட உச்சி வானத்தைப் பார்க்கும். லண்டனில் உள்ள டிஷ்ஷைப்போல அது அடிவானத்தை நோக்கிச் சாய்ந்திருக்காது. கே.ஏ. அலைவரிசை எனப்படும், நொடிக்கு 2,000 கோடி அதிர்வுகள் அளவிலான அலையை முக்கால் மீட்டர் டிஷ் வாங்கும்போது, அதன் பார்வையின் மொத்த அகலமே ஒன்றரைப் பாகைக்குள் அடங்கிவிடுகிறது. நடுக்கோட்டிலிருந்து முக்கால் பாகை விலகினால் வரும் சக்தி பாதியாகிவிடும். டிஷ்ஷின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் அந்த முக்கால் பாகை வந்துவிடுகிறது. சுண்டுவிரல் அகலம் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு திசை தவறிய டிஷ் தன் வீட்டாருக்கு மட்டும் தொல்லை தருவதில்லை. அது மேலே அனுப்பும் அலை பக்கத்துச் செயற்கைக்கோளின் பயனர்களுக்கும் இடைஞ்சலாகலாம் என்பதால்தான், புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு டிஷ்ஷையும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம் சோதித்த பிறகே இணைப்பைத் திறந்துவிடுகிறது.

வழக்கமான படிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆதார், முகவரிச் சான்று, நிலப்பட்டா நகல், முன்பணம் ஆகியவற்றை முடித்துவிட்டால் போதும். இணைப்பு பதிவு செய்யப்பட்ட முகவரிக்கே உரியது, வேறிடத்துக்குத் தூக்கிச்சென்று வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கோடையில் ஆள் வரச்சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டுக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. கீழிருந்து வரும் பொருத்துநர்களின் வண்டிக்கு அந்த இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று முந்தைய நாளே தொலைபேசியில் கேட்காததால், இக்கட்டுரையாளரின் வீட்டுக்கு வரவேண்டிய ஆட்கள் இரண்டு முறை தேதி தள்ளி வந்தனர். ஒவ்வொரு முறையும் வேலையாளை நிறுத்திவைத்து ஒரு நாள் கூலி வீணாயிற்று.

ஆனால் அந்தக் கூலியெல்லாம் சேர்த்தாலும், பணி நிறைவுப் படிவத்தில் போட்ட ஒரு கையெழுத்தால் நேர்ந்த இழப்பில் பத்தில் ஒரு பங்கும் ஆகாது. பணி நிறைவுப் படிவம் என்பது, டிஷ் நிறுவி இணைப்பு தந்தாயிற்று, வாடிக்கையாளர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார் என்று பொருத்துநர் எழுதி வாங்கும் ஒற்றைத் தாள். அதில் கையெழுத்தான நிமிடத்திலிருந்து நிறுவும் வேலை முடிந்ததாகக் கணக்காகிறது; அதன் பிறகு வரும் கோளாறு எதுவும் பராமரிப்பு என்ற தலைப்பில் சேர்ந்து, ஆள் வந்து பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணத்துக்கு உரியதாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை விற்பனைக்கு வந்தவர் சொல்லவில்லை, பொருத்த வந்தவரும் சொல்லவில்லை.

2024 வைகாசியில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இரண்டு இளைஞர்கள் வந்தனர். டிஷ்ஷுக்குத் தரையில் கான்கிரீட் பீடம் கட்டி, நடுவில் ஜி.ஐ. குழாயை நிமிர்த்தி நிறுத்துவதே முறை என்பது அவர்கள் கையிலிருந்த குறிப்பேட்டிலேயே படத்தோடு இருந்தது. பீடம் இறுகப் பத்து நாளாகும், அதற்கு மறுபடி ஒரு பயணம் வரவேண்டும் என்பதால், வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கும் தாழ்வாரத்தின் தகரக் கூரைமேல் நான்கு போல்ட்டுகளால் ஒரு முக்காலியை இறுக்கி அதிலேயே டிஷ்ஷை மாட்டினர். இக்கட்டுரையாளரின் தாயார், எழுபது ஆண்டுகளாக அந்தக் காற்றைப் பார்த்தவர், கீழே நின்றுகொண்டு, “ஆடியில இந்தத் தகரமே எந்திரிச்சு நிக்கும் தம்பி, இது மேல போயி வைக்கிறீங்களே” என்றார். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளை ஓடிவந்து ஒரு பாடக் காணொளியை ஓடவிட்டுப் பார்த்தது. படம் தடையில்லாமல் ஓடியது. வெளியே மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. “இருட்டறதுக்குள்ள பூம்பாறையத் தாண்டிடணும்ணே, ரோட்டுல காட்டெருமை நிக்கும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க” என்று அவர்களில் மூத்தவர் தாளை நீட்டினார். சிக்னல் அளவு, நிறுவிய இடம், தாங்கியின் வகை, எர்த் இணைப்பு என நான்கு கட்டங்கள் அதில் வெறுமையாகவே இருந்தன. காட்டெருமை நிற்கும் சாலையில் அந்தப் பிள்ளைகளை இருட்டில் அனுப்பக் கூடாது என்ற எண்ணத்தில் கையெழுத்துப் போடப்பட்டது. அந்த எண்ணத்தில் குற்றமில்லை. அதற்கு அவர்களை அன்றிரவு வீட்டிலேயே தங்கவைத்திருக்கலாம், அல்லது கையெழுத்தில்லாமல் அனுப்பிவைத்திருக்கலாம் என்பதுதான் பின்னால் புரிந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தகரத்தின் மேலிருந்த டிஷ் பறக்கவில்லை, அசைந்தது. பகல் பத்து மணிக்குப் புல்வெளிப் பக்கமிருந்து காற்று ஏறியதும் இணைப்பு அறுபடும். மாலை காற்று ஓய்ந்ததும் திரும்ப வரும். பகல் முழுவதும் நடக்கும் காய்கறி வியாபாரத்துக்கு அது உதவாமல் போயிற்று. கட்டணம் மட்டும் மாதந்தோறும் முழுதாகப் பிடிக்கப்பட்டது. புகார் கொடுத்தபோது நிறுவனத்தின் உதவி மையம் தந்த முதல் விளக்கம், மலைப்பகுதியில் பனிமூட்டம் அதிகம், அதனால் சிக்னல் பாதிக்கப்படுகிறது என்பது. இந்த விளக்கத்தை மலைவீட்டார் அனைவரும் ஒருநாள் கேட்கத்தான் போகிறார்கள் என்பதால், அது ஏன் பொருந்தாது என்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூட்டத்திலுள்ள நீர்த்துளிகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே விட்டமுள்ளவை. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் அலையின் நீளமோ ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர். தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துளியை அலை ஏறத்தாழ எந்த இழப்பும் இல்லாமல் கடந்துவிடுகிறது. கண்ணுக்கு எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடிய மூட்டத்திலும், அசையாமல் நிற்கும் டிஷ் செயற்கைக்கோளைத் தெளிவாகவே பார்க்கும். கனமழை வேறு. மழைத்துளி சில மில்லிமீட்டர் பருமனுள்ளது. அது அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் செய்கிறது. அலையின் நீளம் குறையக் குறைய இழப்பு கூடுவதால், நீண்ட அலைகளைக் கொண்ட கே.யு. அலைவரிசையைவிடக் கே.ஏ. அலைவரிசை மழையில் எளிதில் தளரும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் அரைமணி நேரம் இணைப்பு போனால், அது இயற்கை. அதற்கு நிறுவனத்தைக் குறைசொல்லக் கூடாது. மழையில்லாமல் காற்று மட்டும் அடிக்கும்போது போனால் தாங்கியில்தான் கோளாறு. இந்த ஒரு வேறுபாட்டை ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்று, மழை, மூட்டம் என்று ஐந்து பத்தி போட்டு மூன்று வாரம் குறித்துவந்தால், எந்த உதவி மையத்தாரோடும் நின்று பேசலாம். இக்கட்டுரையாளரின் வீட்டில் அந்த நோட்டு ஆவணியில்தான் தொடங்கப்பட்டது. ஆடி முழுவதும் வெறும் வாய்ப்பேச்சிலேயே போயிற்று.

மூட்டம் என்ற காரணம் நிற்காமல் போனதும், ஆவணி இறுதியில் கட்டணம் பெற்றுக்கொண்டு வந்து பார்த்த வேறொருவர் புதிய காரணம் சொன்னார். வீட்டுக்குத் தென்மேற்கே வரப்போரம் நிற்கும் யூகலிப்டஸ் மரம் பார்வையை மறைக்கிறது, அதை வெட்டிவிட்டால் சரியாகும் என்றார். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் தன் சொந்த நிலத்து மரத்தையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. வெட்டினால் வழக்கு வீட்டுக்காரர் மேல்தான் வரும், பொருத்துநர் மேலன்று. மலையில் ஆள் அனுப்பித் தொழில் செய்யும் நிறுவனம், அந்த மலையின் சட்டத்தை அறியாத ஒருவரை அனுப்பி இப்படிச் சொல்லவைத்தது பெரும் பொறுப்பின்மை என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை.

அந்த மரம் குற்றமற்றது என்பதை நிறுவ எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் பூமத்திய ரேகையைக் கடக்கும் நாட்களை ஒட்டிச் சில நாள், தரையிலிருந்து பார்க்கையில் சூரியன் சரியாகப் புவிநிலைச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். அப்போது சூரியனின் சொந்த அலைவீச்சு டிஷ்ஷுக்குள் நிறைந்து சில நிமிடம் இணைப்பு தடைப்படும். சூரியக் குறுக்கீடு என்று இதைச் சொல்வர். எல்லா நிறுவனங்களுக்கும் இது பொது. அந்த நிமிடங்களில் டிஷ்ஷின் மேல் எந்த மரத்தின் நிழலாவது விழுந்தால் அந்த மரமே செயற்கைக்கோளை மறைக்கிறது. நிழல் விழாவிட்டால் மறைவு இல்லை. 74 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மன்னவனூரில் அந்த நேரம் பகல் பன்னிரண்டரை மணியை ஒட்டியது. வேறு பாகையில் நிற்பதற்கு நேரம் முன்பின்னாக மாறும். புரட்டாசி இரண்டாம் வாரம், வெயில் தெளிந்த ஒரு பகலில், இணைப்பு தானாகத் தடைப்பட்ட அந்த நிமிடம் டிஷ்ஷின் வெள்ளைப் பரப்பில் ஒரு இலையின் நிழல்கூட இல்லை. யூகலிப்டஸின் நிழல் தாழ்வாரத்தைத் தொடாமல் நான்கு பாத்திக்கு அப்பால் பூண்டுச் செடிகளின் மேல் கிடந்தது. அதைத் தேதி, நேரத்தோடு படமெடுத்து அனுப்பிய பிறகு மரத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை. உச்சி வானத்தைப் பார்க்கும் டிஷ்ஷை, மிக அருகில் நிற்கும் மரத்தைத் தவிர வேறெதுவும் மறைக்க முடியாது. டிஷ்ஷைவிட முப்பது மீட்டர் உயர்ந்து நிற்கும் மரமும், 77 பாகைப் பார்வையை மறைக்க ஏழு மீட்டருக்குள் இருந்தாக வேண்டும்.

பிறகு செய்யப்பட்ட வேலை, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலைதான். வீட்டுக்குத் தெற்கே பாறை தட்டும் இடமாகப் பார்த்து இரண்டரை அடி ஆழம் தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் இட்டு, நடுவில் தடித்த ஜி.ஐ. குழாயை நிறுத்தி, நாலு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நிமிர்த்தப்பட்டது. குழாய் செங்குத்தாக இல்லாவிட்டால், டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப நிமிர்வும் மாறிக்கொண்டே வந்து, திசை சேர்ப்பவர் நாள்முழுதும் போராட நேரும்; ஊர்க் கொத்தனாரின் தூக்குக்குண்டுக்கு இந்த இடத்தில் உள்ள மதிப்பு, கீழிருந்து வரும் கருவிக்கும் இல்லை. பத்து நாள் சாக்கு போர்த்தித் தண்ணீர் ஊற்றி இறுகவிட்டு, அதன் பின்னரே ஆளை வரவழைத்தது நல்லதாயிற்று. இடி விழும் மலையில் டிஷ்ஷின் குழாய்க்குத் தனி எர்த் குழி, மோடத்துக்கு இன்வெர்ட்டர், கேபிளைக் குரங்கு இழுக்காதபடி குழாய்க்குள் விட்டுப் புதைப்பது, காட்டெருமை வந்து உடம்பு உரசாதபடி சுற்றிலும் வேலி ஆகியவை கட்டாயம். இவற்றில் எதையும் செய்துதருவது நிறுவனத்தின் பட்டியலில் இல்லாததால் வீட்டார்தான் செய்ய வேண்டும். இவ்வளவும் முடிந்து டிஷ் இடம் மாறிய அன்று, மோடத்தின் உள்பக்கத்தில் காட்டிய சிக்னல் தர எண் தகரக் கூரையில் இருந்ததைவிடக் கூடியதோடு, அடுத்துவந்த பருவக்காற்றில் அசையாமலும் நின்றது. இடம் மாற்றிய செலவு, மூன்று வருகைக் கட்டணம், பயன்படாத நான்கு மாதச் சந்தா எல்லாம் அந்தக் கையெழுத்தின் பேரில் வீட்டார் தலையிலேயே விழுந்தன.

அத்தொகையைத் திரும்பக் கேட்பது முடியாததன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு விதிகள், நிறுவனத்தின் புகார் மையத்தில் புகார் பதிந்ததும் ஒரு புகார் எண் தரப்பட வேண்டும் என்றும், அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம் என்றும் இரண்டு படிகளை வகுத்திருக்கின்றன. எண் வாங்காத புகார், புகாரே இல்லை. பொருத்த வந்த இளைஞரின் செல்போனுக்கு அனுப்பிய நாற்பது குரல் செய்திகள் எதற்கும் பயன்படவில்லை. அவர் நல்லவர், உடனுக்குடன் பதில் பேசினார், ஆனால் அவர் நிறுவனத்தின் பதிவேடு ஆகமாட்டார். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிட முடியும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்கிறது. பொருள் அல்லது சேவைக்காகக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. எனவே மன்னவனூர்க்காரர் திண்டுக்கல்லுக்கு இறங்கினால் போதும், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் பெருநகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் முதலில் கேட்கப்படுவது அந்தப் பணி நிறைவுப் படிவத்தைத்தான்.

நிறுவனத்திடம் கேட்கக் கூடாதவையும் உண்டு. அவற்றைக் கேட்டுச் சண்டையிட்டால், நியாயமான புகாரின் மதிப்பும் குறைந்துவிடும். கேள்வி ஒன்று வீட்டிலிருந்து மேலேறி, கீழே கட்டுப்பாட்டு மையத்துக்கு இறங்கி, பதில் அதே வழியில் திரும்ப வரும்போது 36,000 கிலோமீட்டர் தூரத்தை நான்கு முறை கடக்கிறது. ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் அரை நொடி ஆகும். காணொளிப் பேச்சில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவது இதனால்தான். புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே இணைப்பு தரும் எந்த நிறுவனத்தாலும் இதைக் குறைக்க இயலாது. மாதத் தரவு வரம்பும் அவ்வாறே. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகம் எவ்வளவாகக் குறையும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொண்டு, படங்களைத் தரம் குறைத்துப் பார்க்க வீட்டுப் பிள்ளைகளைப் பழக்குவதே வழி.

ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்த அரை நொடித் தாமதம் அவற்றில் இல்லை. அதற்காகக் காத்திருக்கலாம் என்போரும் உளர். 2021-இல் உரிமம் பெறுமுன்பே அந்நிறுவனம் இந்தியாவில் முன்பதிவு வாங்கியதும், அதில் சேர வேண்டாமென்று அந்த ஆண்டு நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை பொதுமக்களுக்கு அறிவித்ததும், பணம் திருப்பித் தரப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். 2025 ஜூனில்தான் அதற்கு இந்திய உரிமம் கிடைத்தது, ஜூலையில், விண்வெளிச் செயல்பாடுகளுக்கு ஒப்புதல் தரும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் கிடைத்தது. அதே ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிவிட்டதால், உறவினர் மூலம் ஒரு பெட்டியை வரவழைத்துக்கொள்ளலாமா என்று மலையில் கேட்போர் இருக்கிறார்கள். கூடாது; உரிமமில்லாத செயற்கைக்கோள் கருவியை இயக்குவது இங்கே குற்றம். மேலும், ஓடிக்கொண்டே இருக்கும் அச்செயற்கைக்கோள்களைத் தொடர, டிஷ்ஷுக்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும். வாட்டில் மரங்களும் மேடும் மூன்று பக்கம் சூழ்ந்த பள்ளத்து வீட்டில், உச்சியில் ஒரு கையகல வானம் இருந்தாலே போதுமென்கிற புவிநிலை டிஷ்தான் உறுதியாக வேலைசெய்யும்.

அந்தக் கையெழுத்துக்கு அடுத்த ஆண்டு, பக்கத்து ஊரான கவுஞ்சியில் ஓர் உறவினர் வீட்டுக்கு அதே நிறுவனத்தின் இணைப்பு வாங்கப்பட்டபோது, ஆட்கள் வருவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பே பீடம் கட்டிக் குழாய் நிமிர்த்தப்பட்டிருந்தது. வந்தவர்கள் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்தனர். படிவத்தை நீட்டியதும், வீட்டம்மாள் வெறும் கட்டங்கள் நான்கையும் அவர்களைக்கொண்டே நிரப்பச் செய்து, கையெழுத்துக்கு மேல் தம் கையாலேயே ஒரு வரி எழுதினார்: “டிஷ் நிறுவப்பட்டது; பதினைந்து நாள் காற்றிலும் மழையிலும் இயங்கிப் பார்த்த பின்னரே ஏற்பு.” பொருத்துநர் தயங்கி அலுவலகத்தோடு பேசினார், கால்மணி நேரம் இழுபறியாக இருந்து, ஒத்துக்கொள்ளப்பட்டது. பதினாறாம் நாள், சிக்னல் தர எண்ணைக் குறித்து இரண்டாம் தாளில் வீட்டம்மாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முதல் தாளின் நகல் மீட்டர் பெட்டியின் உள்பக்கத்தில் இன்றும் ஒட்டியிருக்கிறது.